பகுதிநேரத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர் பணி: ஒன்ராறியோக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

ரொறன்ரோவுக்குக் கிழக்கே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, வீட்டுக் கடன் சுமையைச் சமாளிப்பதற்காகக் கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறியின் பகுதிநேரப் பயிற்றுநர் பணியை நாடியது. அந்த முயற்சி 2022 இன் பிற்பகுதியிலிருந்து 2025 இன் தொடக்கம் வரை எவ்வாறு நடந்தது என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். நான் அவர்களுக்குப் பல ஆண்டுகளாக வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பவன். ஆகையால் கீழே வரும் கணக்குகள் என் கைவழியே சென்றவை. கணவன், மனைவி இருவருடைய இசைவுடனும், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்தும் எழுதுகிறேன்.

பின்னணி

கணவருக்கு அப்போது நாற்பது வயது. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவர். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முழுநேர வேலை. அங்கு உடன் வேலை செய்த ஒருவரோடு மீன்பிடிக்கவும் மான் வேட்டைக்கும் போய்ப் பழகி, திருமணத்துக்கு முன்பே துப்பாக்கி அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தார். அவருடைய ஒரே ரைபிள், அனுமதிப்பத்திரம் உள்ள அந்த நண்பரின் நாட்டுப்புற வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. மனைவி 2011 இல் வன்னியிலிருந்து வந்தவர். முதியோர் இல்லமொன்றில் வாரத்துக்கு மூன்று நாள் பராமரிப்புப் பணி செய்துவந்தார். இரண்டு பிள்ளைகள், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும்.

அவர்களுடைய வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தது. கனடிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதம், அதே ஆண்டு டிசம்பரில் 4.25 சதவீதம். மாதத் தவணை ஏறத்தாழ 850 டொலரால் கூடியது. தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை கிடைத்திருந்தால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது, ஏனெனில் அதற்கு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் மேலதிக நேரத்தை நிறுத்திவிட்டது. வாடகை வாகனம் ஓட்டுவது, வார இறுதியில் களஞ்சிய வேலை என்று வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில், கணவருக்கு முன்பு பாடம் எடுத்த மூத்த பயிற்றுநர், தமக்கு உதவிக்கு ஆள் தேவை என்று கேட்டார்.

இந்தப் பணிக்குத் தேவை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியலில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், 1991 இலும் 1995 இலும் கனடாவின் துப்பாக்கிச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் கேட்பவர் பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் அடித்தளம். 2015 வரை வகுப்பில் அமராமல் தேர்வை மட்டும் எழுதித் தேறவும் இடமிருந்தது. அந்த ஆண்டின் திருத்தம் அதை நீக்கியதால், புதிதாக விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் மாகாணத்தின் தலைமைத் துப்பாக்கி அதிகாரி அங்கீகரித்த பயிற்றுநர் ஒருவரிடம் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 80 சதவீதம் பெற வேண்டும்.

முதல் உரையாடலும் மனைவியின் நிபந்தனையும்

2023 ஜனவரியில் இருவரும் என்னிடம் வந்தார்கள். கணவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருந்தார்: பத்து மாணவர், தலைக்கு 170 டொலர், மண்டப வாடகையும் சில்லறைச் செலவும் போக வகுப்புக்கு 1,200 டொலர், ஆண்டுக்குப் பத்து வகுப்பு, ஆக 12,000 டொலர். வீட்டுக் கடனில் கூடிய தொகை ஆண்டுக்கு 10,200 டொலர். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்துப் பொருத்தமே பின்னர் வந்த சிக்கல்களின் வேர் என்று இன்று கருதுகிறேன். அன்று நானும் அதைப் போதிய அளவு கேள்விக்குள்ளாக்கவில்லை.

மனைவி கணக்கைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணை, படிப்பிக்கிறதைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா என்ர வீட்டுக்குள்ள துவக்கு வரக்கூடாது. செத்த துவக்கும் வரக்கூடாது" என்றார். வகுப்பில் பயன்படுபவை சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்தவை என்றும், ரவைகள் வெடிமருந்து இல்லாத போலிகள் என்றும் கணவர் விளக்கினார். மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் நிபந்தனையை மாற்றவில்லை. 2009 ஆம் ஆண்டை வன்னியில் கடந்த ஒருவருக்குச் செயலிழந்த துப்பாக்கிக்கும் செயல்படும் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாடு, மற்றவர்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதில்லை. அந்த நிபந்தனையை வாதத்தால் தளர்த்த முயலக் கூடாது என்று நான் கணவரிடம் தனியே சொன்னேன். அவரும் அதற்குப் பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே முதல் முடிவு, பயிற்சித் துப்பாக்கிகளைச் சொந்தமாக வாங்காமல், மூத்த பயிற்றுநரின் தொகுதியை வகுப்புக்கு 180 டொலர் வாடகைக்கு எடுப்பதும், வகுப்பு முடிந்த அன்றே அவருடைய பூட்டறையில் திருப்பி வைப்பதும் ஆகும். கணவரின் 12,000 டொலர்க் கணக்கில் இந்த 180 டொலர் இருக்கவில்லை.

மூத்த பயிற்றுநர் இன்னொன்றையும் எச்சரித்தார். கைத்துப்பாக்கிகள் உள்ளடங்கும் கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கான இரண்டாவது பாடநெறியே அதுவரை பல பயிற்றுநர்களுக்குக் கூடுதல் வருவாய் தந்தது. 2022 மே 30 அன்று புதிய சட்டமூலம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் கைத்துப்பாக்கி வாங்குவோர் முண்டியடித்தனர். அக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கியை வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் முடக்கப்பட்டது. அந்தப் பாடநெறி ஒழிக்கப்படவில்லை என்றாலும், அதற்கு வருவோர் தம்மிடம் வெகுவாகக் குறைந்துவிட்டதாக அவர் சொன்னார். இனி நம்பக்கூடியது வேட்டைக்காரர்களை மட்டுமே என்பது அவர் கருத்து.

பழகுகாலம்: 2023

பின்புலச் சோதனை, விண்ணப்பம், மூத்தவரின் வகுப்புகளில் ஊதியமின்றி உட்கார்ந்து பழகுதல், அவர் முன்னிலையில் பாடம் எடுத்துக் காட்டுதல் என எல்லாம் முடிந்து அங்கீகாரம் கைக்கு வர 2023 அக்டோபர் ஆயிற்று. ஏறத்தாழ ஒன்பது மாதம் ஒரு டொலரும் வரவில்லை. அதற்கிடையில் மத்திய வங்கியின் வட்டி ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. குடும்பம் கடனட்டையில் இருந்து எடுத்துத் தவணையை நிரப்பியது.

ஆயினும் அந்த ஒன்பது மாதத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். வேட்டையில் இருபது ஆண்டு பழகிய ஒருவர், தம் கையில் படிந்துபோன பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. பாடநெறியின் முதுகெலும்பு நான்கு விதிகள்: எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரப்பப்பட்டதாகவே கொள்ளுதல், குழல்வாய் எப்போதும் பாதுகாப்பான திசையில் இருத்தல், விரல் விசையிலும் விசைக் காப்பு வளையத்துக்குள்ளும் படாதிருத்தல், ரவை இல்லை என்பதைத் தானே பார்த்து உறுதிசெய்தல். கடைசி விதிக்குள் ஐந்து படிகள் உண்டு: பாதுகாப்பான திசையில் பிடித்தல், ரவைகளை அகற்றுதல், ரவை அறையைக் கண்ணால் பார்த்தல், ரவை செல்லும் வழியைச் சரிபார்த்தல், குழலின் உட்புறத்தை ஆராய்தல். இவற்றைத் தாமே செய்வது ஒன்று. பத்துப் பேர் ஒரே நேரத்தில் செய்யும்போது பத்துக் குழல்வாய்களையும் பத்து விரல்களையும் கண்காணிப்பது வேறொன்று. முதன்முறை மேற்பார்வையில் வகுப்பெடுத்த அன்று, தாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பின் மேசையில் நடந்த இரண்டு தவறுகளைத் தாம் காணவே இல்லை என்று மூத்தவர் சுட்டிக்காட்டியதாக அவர் என்னிடம் கூறினார்.

தனி வகுப்புகள்: 2024 வசந்தம்

ஜனவரி, பெப்ரவரியில் மூன்று நாட்கள் நாளுக்கு 220 டொலருக்கு மூத்தவருக்கு உதவினார். மார்ச் மாதம் முதல் தாமே மண்டபம் எடுத்து, மாதத்துக்கு ஒரு வகுப்பு என்று தொடங்கினார். பத்துப் பேர் வந்த முதல் வகுப்பின் கணக்கு இது. வரவு 1,700 டொலர். மண்டபம் 280, பாடநூலும் தேர்வுப் பத்திரங்களும் தலைக்கு 35 ஆக 350, துப்பாக்கித் தொகுதி வாடகை 180, விளம்பரம் 90, காப்புறுதியில் வகுப்புக்குரிய பங்கு 60, பயணம் 40. செலவு 1,000, மிச்சம் 700.

நேரத்தையும் எழுதிவைக்கும்படி கேட்டிருந்தேன். வகுப்பு எட்டு மணி, தேர்வுகள் மூன்று, ஆயத்தம் மூன்று, மேசைகளை ஒழுங்குசெய்து மீள எடுத்துவைத்தல் இரண்டு, பயணம் இரண்டு, தொலைபேசி விசாரிப்புகள் மூன்று, பத்திரங்களை அனுப்புதல் இரண்டு: மொத்தம் 23 மணி. மணிக்கு ஏறத்தாழ 30 டொலர், வரிக்கு முன். தொழிற்சாலையில் மேலதிக நேரம் கிடைத்தால் மணிக்கு 40 டொலருக்கு மேல். வகுப்பில் ஆறு பேர் மட்டும் இருந்தால் மிச்சம் 160 டொலர்தான்; ஏனெனில் பாடநூலைத் தவிர மற்றைய செலவு எதுவும் ஆட்தொகையோடு குறைவதில்லை. ஒன்பதாவது, பத்தாவது நாற்காலியில் அமர்பவர்களே உண்மையில் இலாபத்தைத் தருகிறார்கள். பயிற்றுநரின் மனதில் இது என்ன செய்யும் என்பதை அப்போது நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதத் தேர்வு

ஜூன் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தனர். அவர்களில் நான்கு பேரை அழைத்து வந்தவர் ஊரில் நன்கு அறியப்பட்ட, வயதில் மூத்த ஒருவர். ஐந்தாவதாகத் தாமும் இருந்தார். ஜூலை வகுப்புக்கும் தம் நண்பர்கள் நான்கு பேரைப் பதிவுசெய்து கொடுத்திருந்தார். எழுத்துத் தேர்வில் அவர் நல்ல புள்ளி பெற்றார். செய்முறைத் தேர்வில், மேசையிலிருந்து ஷொட்கன் ஒன்றை எடுத்துத் திரும்பியபோது அதன் குழல்வாய் அருகில் நின்றவரின் நெஞ்சைக் கடந்து சென்றது. விரல் விசைக் காப்பு வளையத்துக்குள் இருந்தது. ரவை அறையைத் திறந்து பாராமலே பாதுகாப்பானது என்று சொல்லி மேசையில் வைத்தார். புள்ளி 80 க்குக் கீழே போயிற்று.

முடிவைச் சொன்னபோது அவர் கூறியது: "தம்பி, நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். ரவை இல்லாத துவக்குதானே, இதில என்ன பிழை?"

"ஐயா, ரவை இல்லையெண்டு நீங்கள் பாக்கேல்லை" என்று பயிற்றுநர் பதில் சொன்னார். மீண்டும் பயிற்சி எடுத்துத் தேர்வுக்கு வரலாம் என்றும் சொன்னார்.

பெறுபேற்றுப் பத்திரங்கள் மறுநாளே அனுப்பப்பட வேண்டியவை. அன்றிரவு பயிற்றுநர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் புள்ளியைத் திருத்திவிடலாமா என்று மூன்று மணி நேரமாக யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இதை அவர் மறைக்காமல் சொன்னதும், எழுதுவதற்கு இசைந்ததும் பெரிய காரியம். அந்த மனிதரின் நண்பர்கள் நால்வரும் விலகினால் ஜூலை வகுப்பு நடக்காது. வகுப்பு நடக்காவிட்டால் அந்த மாதத் தவணைக்கு வைத்திருந்த பணம் இல்லை. அவர் அந்த மனிதரின் முகத்துக்கு அஞ்சவில்லை, தவணைத் தேதிக்கு அஞ்சினார். நான் கணக்கைப் பற்றி எதுவும் சொல்லாமல், மனைவியிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன். சொல்லவில்லை என்றார். பிறகு சொன்னார். "அந்தக் குழல் ஆரின்ர நெஞ்சுக்கு நேர போனது?" என்பதே மனைவி கேட்ட ஒரே கேள்வி என்று பின்னர் அறிந்தேன். புள்ளி மாற்றப்படவில்லை, பத்திரம் உள்ளபடியே சென்றது.

நால்வரும் விலகினர். ஜூலையில் ஐந்து பேரே எஞ்சினர். வகுப்பை நிறுத்திக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததில், விளம்பரமும் மண்டப முற்பணமுமாக 190 டொலர் நட்டம். ஆகஸ்டில் ஆறு பேர். தேர்வில் தவறிய மனிதர் வேறொரு பயிற்றுநரிடம் மீண்டும் படித்துத் தேறியதாகக் கேள்விப்பட்டோம். அவர் திரும்பப் படித்தார் என்பதுதான் வேண்டப்பட்ட விளைவு. எவரிடம் என்பது முக்கியமில்லை.

எடுத்த முடிவுகள்

ஜூலை இறுதியில் மூவரும் மீண்டும் அமர்ந்தோம். என் கருத்தை வெளிப்படையாகச் சொன்னேன்: தேர்வில் தவறவிடும் அதிகாரம் உள்ளவரின் வீட்டுத் தவணை, தேர்வுக்கு வருபவரின் கட்டணத்தில் தங்கியிருக்கக் கூடாது. இந்த வருமானத்தை வைத்துக்கொள்ளலாம். அதைக் கட்டாயச் செலவு எதற்கும் ஒதுக்கக் கூடாது.

அதன்படி, வங்கியுடன் பேசிக் கடன் அடைக்கும் காலத்தை நீட்டித்துத் தவணையை மாதத்துக்கு ஏறத்தாழ 600 டொலரால் குறைத்தனர். இதனால் மொத்த வட்டி கூடும் என்பது இருவருக்கும் விளக்கப்பட்டது. அது இந்தச் சுதந்திரத்தின் விலை என்று ஏற்றுக்கொண்டனர். மனைவி வாரத்துக்கு இன்னொரு நாள் வேலை கேட்டுப் பெற்றார். ஜூனில் தொடங்கிய வட்டிக் குறைப்பு ஆண்டு முடிவில் 3.25 சதவீதத்துக்கு வந்ததும் உதவியது. வகுப்பு வருமானம் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து மூத்த பிள்ளையின் கல்விச் சேமிப்புத் திட்டத்துக்குப் பணம் போகும். ஆண்டுக்கு 2,500 டொலர் வரை வைத்தால் அரசு அதில் 20 சதவீதம், அதாவது 500 டொலர் மானியம் சேர்க்கிறது. வகுப்பு நடக்காத மாதத்தில் சேமிப்புக் குறையும். வீட்டில் வேறொன்றும் அசையாது.

செப்டெம்பர்: இன்னொரு சோதனை

செப்டெம்பர் வகுப்பில், இடைவேளையில் ஒருவர், மனைவி பிரிந்து போய்விட்டதாகவும், புதிய விண்ணப்பத்துக்குரிய குறைந்தபட்சக் காத்திருப்பான 28 நாளைத் தம்மால் பொறுக்க முடியாது என்றும் கடுப்புடன் சொன்னார். மிரட்டல் எதுவும் இல்லை. தேர்வில் அவர் மிகத் திறமையாகச் செய்தார். அவரைத் தவறவிட நியாயம் கிடையாது, தவறவிடவும் இல்லை.

விண்ணப்பப் பத்திரமே கடந்த இரண்டு ஆண்டுகளில் மணமுறிவோ பிரிவோ ஏற்பட்டதா என்று கேட்கிறது. அந்தக் காலத்தில் உடன் வாழ்ந்த துணையின் விவரத்தையும் கேட்கிறது, அவருக்கு விண்ணப்பம் பற்றி அறிவிக்கப்படுவதற்காக. 2021 ஜூலை 7 முதல் பின்புலச் சோதனை முந்திய ஐந்து ஆண்டுகளோடு நில்லாமல் வாழ்நாள் முழுவதையும் பார்க்கிறது. இவ்வளவு இருக்கையில் தாமும் தலையிட வேண்டுமா என்று பயிற்றுநர் தயங்கினார். பெயர் சொல்லாமல் தம் மனைவியிடம் கேட்டார். பத்திரத்தில் அந்த மனிதர் உண்மையை எழுதினால்தானே பிரிந்துபோனவளுக்குத் தெரியவரும் என்றார் அவர். மறுநாள் காலை பயிற்றுநர் தலைமைத் துப்பாக்கி அதிகாரியின் அலுவலகத்தை அழைத்து, தாம் கேட்ட சொற்களை மட்டும், தம் ஊகம் எதையும் சேர்க்காமல் தெரிவித்தார். பின்னர் என்ன நடந்தது என்று அவருக்கு அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்பட வேண்டிய தேவையும் இல்லை. இதைச் செய்தபோது எந்தத் தவணைத் தேதியும் அவர் மனதில் இருக்கவில்லை என்பதை நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன்.

விளைவு

2024 இல் எட்டு வகுப்புகள் நடந்தன, ஒன்று நிறுத்தப்பட்டது. உதவி நாட்களையும் சேர்த்து நிகர வருமானம் 4,720 டொலர். சுயதொழில் வருமானம் என்பதால் கனடிய ஓய்வூதியத் திட்டத்தின் தொழிலாளர், முதலாளி ஆகிய இரு பங்குகளும், அதாவது 11.9 சதவீதம், அவரே கட்ட வேண்டியவை. அதுவும் வரியும் போக ஏறத்தாழ 2,900 டொலர் கையில் நின்றது. ஆண்டு வரவு 30,000 டொலருக்குக் கீழே இருந்ததால் விற்பனை வரிக்குப் பதிவுசெய்யத் தேவைப்படவில்லை. 2,500 டொலர் கல்விச் சேமிப்புக்குச் சென்றது, மானியமும் வந்தது.

மாற்ற வேண்டியவை

முதலாவது என் தவறு. 2023 ஜனவரியில் அந்தத் தாளைக் கண்டபோதே, ஆறு பேர் வரும் வகுப்பையும் நடக்காத வகுப்பையும் சேர்த்துக் கணக்குப் போடும்படி சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது மாதம் வருமானமின்றிக் கழியும் என்பதை அறிந்திருந்தால் கடனட்டைக்குப் போகாமல் அப்போதே வங்கியுடன் பேசியிருக்கலாம்.

பதிவு செய்யும் முறையையும் அவர் மாற்றிவிட்டார். ஒருவர் பலருக்காகப் பதிவுசெய்வதை இப்போது ஏற்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரில் தாமே பதிய வேண்டும். தேர்வில் தவறினால் கட்டணம் திரும்பாது, மறுதேர்வுக்கு வழி உண்டு என்பதைப் பணம் வாங்கும் முன்னரே எழுத்தில் கொடுக்கிறார். நவம்பர் மான் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுவோர் கோடையிலேயே படித்தாக வேண்டும் என்பதால், வகுப்புகளை மாதத்துக்கு ஒன்றாகப் பரப்பாமல் மே முதல் ஆகஸ்ட் வரை அடர்த்தியாக வைக்க 2025 க்குத் திட்டமிட்டார்.

2025 தொடக்கத்தில் மூத்த பயிற்றுநர் ஓய்வுபெற எண்ணி, துப்பாக்கித் தொகுதியை 3,600 டொலருக்குத் தருவதாகச் சொன்னார். எட்டு வகுப்புக்கு அப்போது கட்டிய வாடகை ஆண்டுக்கு 1,440 டொலர். மனைவியின் நிபந்தனை மாறவில்லை. ஆகையால் வாங்கினாலும் வெளியே பூட்டறை எடுக்க வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 900 டொலர். மீதம் 540 டொலர். போட்ட முதல் திரும்பிவர ஆறு ஆண்டுக்கு மேலாகும். அவர் வாங்கவில்லை; அதே வாடகைக்குக் கொடுக்க இசைந்த வேறொரு பயிற்றுநரிடம் தொகுதியை எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்.